தேக்கு, மகோகனி தோட்டத்துல பணம் போடணுமா? முதல்ல ஒரு டேப்பு வாங்குங்க

மரத்தோட்டத்துல பணம் போடலாமான்னு கேக்கறவங்க பாதிப் பேரு ஆரம்பிக்கறதே ஒரு ஏக்கருக்கு எத்தனை மரம் நடலாம், ஒரு மரம் எவ்வளவுக்குப் போகும்னுதான். ரெண்டையும் பெருக்கி ஒரு பெரிய தொகை வந்ததும் கண்ணு விரிஞ்சிடும். விக்கறவனும் அதே கணக்கைத்தான் கலர் பேப்பர்ல அச்சடிச்சு வெச்சிருப்பான். ஆனா மர வியாபாரத்துல யாரும் எண்ணிக்கைக்குக் காசு கொடுக்க மாட்டாங்க. சுற்றளவுக்கும், நேரான கட்டைக்கும், உள்ள எவ்வளவு வைரம் பாய்ஞ்சிருக்குங்கறதுக்கும்தான் காசு. இதை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டுப் படிங்க, மத்ததெல்லாம் இதுலேர்ந்துதான் வருது.

தேக்கை வெட்டிப் பாத்தா வெளிப்பக்கம் வெளுப்பா ஒரு வளையம், நடுவுல பொன்னிறமா வைரம். வைரத்துலதான் எண்ணெய்ப்பசை இருக்கு, அதனாலதான் கரையான் அண்டாது, மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும். வெளிறு சாதாரணக் கட்டை மாதிரிதான். எட்டு பத்து வருஷ மரத்தை அறுத்தா பெரும்பகுதி வெளிறாதான் இருக்கும், வயசாக ஆகத்தான் வைரத்தோட பங்கு ஏறும். மலபார் கலெக்டரா இருந்த கனோலியும் அவருக்குக் கீழ வேலை பாத்த சாத்து மேனனும் 1840கள்ல கேரளாவுல இருக்கற நிலம்பூர்ல தேக்குத் தோட்டம் போட்டப்போ மனசுல வெச்சிருந்தது தலைமுறைக் கணக்கு. ஜாவால வழக்கமா 60, 80 வருஷம் விட்டு வெட்டுவாங்க. இப்போ மத்திய அமெரிக்கால, ஈக்வடார்ல எல்லாம் 20, 25 வருஷத்துல வெட்டறாங்க, அதுவும் விக்குது, ஆனா அது வேற தரம், வேற விலை. அதனால உங்ககிட்ட காட்டற விலை பர்மாக் காட்டுத் தேக்கு விலையா இல்ல 20 வருஷத் தோட்டத் தேக்கு விலையான்னு முதல் கேள்வி கேளுங்க, பத்துக்கு எட்டு பேரு அங்கயே திணறுவாங்க.

இப்போ வளர்ச்சிக் கணக்கு. இது கொஞ்சம் போர் அடிக்கும், ஆனா இதுதான் உங்களைக் காப்பாத்தும்.

மரத்தோட்டத்தை அளக்கறதுக்கு ஒரு ஹெக்டேர்ல வருஷத்துக்கு எத்தனை கனமீட்டர் மரம் கூடுதுன்னு ஒரு கணக்கு உண்டு (ஒரு ஹெக்டேர்னா கிட்டத்தட்ட ரெண்டரை ஏக்கர்). தேக்கு நல்ல மண்ணுல, நல்ல பராமரிப்புல 10லேர்ந்து 15 வரைக்கும் போகும், சாதாரண எடத்துல அதுக்கும் கீழ. இப்போ ஒருத்தர் வந்து "ஹெக்டேருக்கு 1000 மரம், 20 வருஷத்துல மரத்துக்கு ஒரு கனமீட்டர்"னு சொல்றார்னு வெச்சுக்கோங்க. 1000 கனமீட்டரை 20ஆல வகுத்தா வருஷத்துக்கு 50. பிரேசில்ல காகிதக் கூழுக்குன்னே பல வருஷமா தேர்ந்தெடுத்து வளர்க்கற யூகலிப்டஸ்கூட சராசரியா 35, 40 அளவுலதான் நிக்குது, அப்போ தேக்கு 50 போகும்னா அது தேக்கே இல்ல.

நிஜக் கணக்கு எப்படி இருக்கும்னா, நெஞ்சு உயரத்துல, அதாவது தரையிலேர்ந்து 1.3 மீட்டர்ல, 30 சென்டிமீட்டர் விட்டம், மொத்த உயரம் 20 மீட்டர். குறுக்குவெட்டுப் பரப்பை உயரத்தால பெருக்கணும், ஆனா மரம் மேல போகப் போக ஒல்லியாகுது, அதுக்காக 0.42 மாதிரி ஒரு எண்ணாலயும் பெருக்கணும். போட்டுப் பாத்தா ஒரு மரம் சுமார் 0.6 கனமீட்டர். கடைசியில நிக்கறது ஹெக்டேருக்கு 200 மரம்னா 120 கனமீட்டர். அதுலயும் நுனிப்பக்கம், கோணல், பொந்துன்னு ஒரு பங்கு விறகுக்குத்தான் போகும். மீதிதான் உங்க சரக்கு.

என்னது, 1000 மரம் நட்டு 200தான் நிக்குமான்னு கேப்பீங்க. ஆமா. 3 மீட்டருக்கு 3 மீட்டர் நட்டா ஹெக்டேருக்கு 1111 கன்னு வரும். நாலு அஞ்சு வருஷத்துல கிளைங்க ஒண்ணோடொண்ணு முட்டிக்கும், அப்போ பாதி அளவுக்கு வெட்டி எடுக்கணும், அப்புறம் இன்னும் ரெண்டு மூணு தடவை, கடைசியில 150லேர்ந்து 250 மரம்தான் நிக்கணும். இதைத்தான் தின்னிங்னு சொல்றாங்க. இதைச் செய்யலேன்னா ஆயிரம் மரமும் தென்னங்குச்சி மாதிரி ஒல்லியா உயரமா நிக்கும், பெருக்கவே பெருக்காது, அஞ்சு வருஷம் லேட்டா வெட்டினாலும் இழந்த பருமன் முழுசாத் திரும்பாது. இங்கதான் மரத்தை எண்ணி விக்கற திட்டங்களோட அடிமடியிலேயே கோளாறு. உங்களுக்கு 50 மரம், பக்கத்து ஆளுக்கு 50 மரம்னு நம்பர் போட்டு வித்தவன் எதை வெட்டுவான்? உங்க மரத்தையா அவர் மரத்தையா? வெட்டினா சண்டை வரும்னு வெட்டாமலே விட்டுடுவான், மொத்தத் தோட்டமும் வீணாப் போகும். மரக்கணக்குல விக்கற எதையும் நான் தொடறதில்ல, அதுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

முதல் தின்னிங்ல வர்றது கம்பு, வேலிக்கால். வெட்டுக்கூலிக்குச் சரியா வந்தாலே பெரிய விஷயம், நாலாவது வருஷமே வருமானம்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு நகருங்க. கவாத்தும் அதே மாதிரி, கிளை விரல் பருமன்ல இருக்கும்போதே கழிச்சாதான் கீழ் 6 மீட்டர் முடிச்சு இல்லாத கட்டையா வரும், பருத்தப்புறம் வெட்டினா முடிச்சு உள்ளயே தங்கிடும், அறுக்கும்போது பலகையில கண்ணு கண்ணாத் தெரியும்.

எந்த மரம்னு முடிவு பண்றதுல ஆளாளுக்கு ஒரு ஆசை இருக்கும். தேக்கு பழகின மரம், சந்தை பெருசு, பூச்சி வந்து இலையை மொத்தமாத் தின்னாலும் திரும்பத் துளிர்த்துக்கும். ஆனா தண்ணி தேங்கற மண்ணு ஆகவே ஆகாது, புளிப்பு மண்ணும் பிடிக்காது, சுண்ணாம்புச் சத்து வேணும், வருஷத்துல மூணு நாலு மாசம் மழையில்லாத காய்ச்சலும் வேணும். வருஷம் பூரா மழை அடிக்கற எடத்துல மரம் வளரும், மரத்தோட தரம் வராது.

மகோகனிக்கு முக்கிய எதிரி ஒரு அந்துப்பூச்சி, ஹிப்சிபைலான்னு பேரு. அதோட புழு நுனிக்குருத்தைத் துளைச்சுடும், உடனே மரம் ரெண்டா மூணா கவைக்கும், நேர்க்கட்டை போச்சு. மகோகனியோட சொந்த ஊரான லத்தீன் அமெரிக்காலயே அதைத் தனித்தோட்டமா வளர்க்க முடியாம தவிக்கறதுக்கு இதுதான் காரணம், அந்தப் பூச்சி இல்லாத பிஜித் தீவுல அதே மரம் பெரிய தோட்டமா நிக்குது. அதனால மகோகனின்னா கேக்க வேண்டிய கேள்வி "கவைச்ச மரம் எத்தனை சதவீதம்?"

சந்தனம் தனியா வளராது, பக்கத்துல வேற மரத்தோட வேரை ஒட்டி உறிஞ்சித்தான் வாழும், அதனால துணை மரத்தையும் சேர்த்துப் பாக்கணும், திருட்டுக் காவலுக்கு ஆகற செலவு கடைசி வருஷங்கள்ல பயங்கரமா ஏறும். ஆஸ்திரேலியால இந்தியச் சந்தனத்தை ஆயிரக்கணக்கான ஹெக்டேர்ல வளர்த்த ஒரு கம்பெனியே 2018ல கடன்ல சிக்கி திவால் நிர்வாகிகள் கைக்குப் போச்சு, மரம் நல்லாத்தான் நின்னுச்சு, பணம்தான் நிக்கல. அகர் (ஊதுபத்திக்கும் அத்தருக்கும் போற வாசனை மரம்) இன்னும் மோசமான சூதாட்டம். அந்த மரத்துக்கு விலையே இல்ல, காயம்பட்டு பூஞ்சை ஏறி உள்ள பிசின் கட்டினாதான் விலை, ஊசி போட்டா கட்டும்னு சொல்வாங்க, எவ்வளவு கட்டும் என்ன தரம்னு வெட்டினப்புறம்தான் தெரியும். புதுசா வர்றவங்களுக்கு நான் தேக்கைத் தாண்டி எதையும் சொல்ல மாட்டேன்.

சரி, தோட்டத்தை நேர்ல பாக்கறது. இதை விட்டுட்டு வேற எதைச் செஞ்சாலும் பிரயோஜனம் இல்ல.

நான் முதல் தடவை ஒரு தோட்டம் பாக்கப் போனப்போ ஏஜென்ட் வண்டியை ரோட்டோரமா நிறுத்தி, முதல் வரிசை மரத்தைக் கட்டிப்பிடிச்சு போட்டோ எடுத்துக்கச் சொன்னார். நல்ல தடியான மரம். எனக்கு அப்போ தெரியாது, ஓரத்துல நிக்கற மரத்துக்கு ஒரு பக்கம் பூரா வெளிச்சம் கிடைக்கும், அதனால அது எப்பவுமே உள்ள இருக்கறதைவிடத் தடியாதான் இருக்கும். ஒண்ணுக்குப் போகணும்னு உள்ள நடந்தேன், முப்பது அடி தாண்டினதும் கை மணிக்கட்டுப் பருமன்ல குச்சிகள், நடுவுல ஒரு பெரிய சொட்டை, அங்க கணுக்கால் அளவு தண்ணி. அந்த மூத்திரம் எனக்கு நிறைய பணத்தை மிச்சம் பண்ணிக் கொடுத்துச்சு.

நீங்க அப்படி அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டாம். 12.62 மீட்டர் நீளத்துல ஒரு கயிறு எடுத்துக்கோங்க. தோட்டத்து மேப்புல கண்ணை மூடி புள்ளி வைங்க, இல்ல ஒரு திசையில 100 மீட்டர் நடந்து நடந்து நிறுத்துங்க, எந்த மரத்துக்கிட்ட நிக்கணும்னு ஏஜென்ட் சொல்லக் கூடாது. நின்ன எடத்தை மையமா வெச்சுக் கயிறைச் சுத்தினா உள்ள வர்ற வட்டம் 500 சதுர மீட்டர். அதுக்குள்ள இருக்கற மரத்தையெல்லாம் நெஞ்சு உயரத்துல டேப்பு போட்டு சுற்றளவு எழுதுங்க, எண்ணிக்கையை 20ஆல பெருக்கினா ஹெக்டேர் கணக்கு. செத்தது, கவைச்சது, வளைஞ்சது தனியாக் குறிங்க. இப்படி 15, 20 வட்டம் போட்டீங்கன்னா, ரெண்டு நாள் வேலை, விக்கறவனைவிட உங்களுக்கு அந்தத் தோட்டத்தைப் பத்தி அதிகம் தெரிஞ்சிருக்கும். முடியலேன்னா அவங்களுக்குச் சம்பந்தமில்லாத வனவியல் ஆள் ஒருத்தருக்குக் கூலி கொடுத்துச் செய்யச் சொல்லுங்க, ஆனா கூலி உங்க கையிலேர்ந்து போகணும்.

மண்ணுக்கு ஒன்றரை மீட்டர் குழி வெட்டிப் பாருங்க. உள்ள சாம்பல் நிறமும் துருப்பிடிச்ச மாதிரி புள்ளியும் கலந்து இருந்துச்சுன்னா மழைக்காலத்துல அங்க தண்ணி நிக்குதுன்னு அர்த்தம். கடப்பாரை இறங்காத கெட்டிப் பாளம் அரை மீட்டர்லயே வந்தா வேர் அங்கயே நின்னுடும், மரம் அஞ்சாறு வருஷம் அழகா வளர்ந்துட்டு அப்படியே உறைஞ்சு போறதுக்கு இதுதான் காரணம். குழி வெட்டக் கூடாதுன்னு சொன்னா வீட்டுக்குக் கிளம்புங்க.

அப்புறம் ரோடு. மழையில லாரி உள்ள போகுமா, துறைமுகம் இல்ல அறுவை மில் எவ்வளவு தூரம். மரம் கனமான சரக்கு, வண்டி வாடகை விலையைச் சாப்பிட்டுடும், உள்காட்டுல மலிவா கிடைக்கற நிலம் பெரும்பாலும் இதனாலதான் மலிவு. சுத்தி யார் இருக்காங்கன்னும் பாருங்க. ஊர்க்காரங்களோட மேய்ச்சல் நிலத்துல வேலி போட்டு வந்த தோட்டம்னா தீ வைக்கறதுக்கு ஒரு தீக்குச்சி போதும், எந்தக் காவல்காரனும் தடுக்க முடியாது.

பணம் போடற வழிகளை எடுத்துக்கிட்டா, நிலத்தையே வாங்கறது, நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கறது, மரத்து மேல மட்டும் உரிமை வாங்கறது, ஃபண்டுல யூனிட் வாங்கறது, கம்பெனிப் பங்கு வாங்கறதுன்னு அஞ்சு. நிலம் உங்க பேர்ல இருந்தா மரம் சொதப்பினாலும் கீழ மண்ணு மிஞ்சும். சில நாட்டுல வெளிநாட்டுக்காரங்க நிலமே வாங்க முடியாது, அங்க குத்தகைதான், அப்போ குத்தகைக் காலம் வெட்டற வருஷத்தைவிட குறைஞ்சது அஞ்சு வருஷம் கூட இருக்கணும், விலை சரியில்லேன்னா காத்திருக்க முடியணுமில்ல. மர உரிமைன்னா அது அரசாங்கப் பதிவேட்டுல ஏறுதா, நிலத்துக்காரர் நாளைக்கு நிலத்தை வித்தாலோ பேங்க் ஜப்தி பண்ணாலோ உங்க உரிமை தாங்குமான்னு அந்த ஊர் வக்கீல்கிட்ட கேளுங்க. கம்பெனி கொடுக்கற தங்கக்கரை போட்ட சான்றிதழ் எந்தக் கோர்ட்டுலயும் மரம் ஆகாது.

அடுத்து, போட்ட பணம் "பத்து மடங்கு" ஆகும்கற பேச்சு. காதுக்கு எவ்வளவு இனிப்பா இருக்கு. 20 வருஷத்துல 10 மடங்குன்னா வருஷத்துக்கு கூட்டு வட்டி 12 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும், 4 மடங்குன்னா 7 சதவீதம், 25 வருஷத்துல 3 மடங்குன்னா நாலரை சதவீதம், இது எதுலயும் விலைவாசி ஏத்தத்தைக் கழிக்கல. செலவும் முதல் நாள் கொடுத்ததோட முடியாது. முதல் அஞ்சு வருஷம் களைச்செலவு, அப்புறம் காவல், தீத்தடுப்புக் கோடு, நிலவரி, இன்ஷூரன்ஸ். இதெல்லாம் முன்னாடியே வாங்கின பணத்துலேர்ந்து கம்பெனி பாத்துக்கும்னு சொன்னா அந்தப் பணம் எந்தக் கணக்குல, யார் கையெழுத்துல இருக்குன்னு கேளுங்க. தோட்டக் கம்பெனிங்க விழறதே இங்கதான். புது ஆளுங்க கொடுக்கற பணத்துல பழைய தோட்டத்துக்குக் களை எடுக்கறது, புது ஆளு வர்றது நின்ன மாசமே களையெடுப்பும் நின்னுடும். இந்தியால 1990கள்ல தேக்கு, செடி, தோட்டம்னு மக்கள்கிட்ட பணம் வாங்கின திட்டங்கள் வரிசையா சரிஞ்சு, பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 1999ல கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்குன்னு தனி விதியே கொண்டு வந்துச்சு. ஆஸ்திரேலியால வரிச்சலுகையை நம்பி மரம் நட வெச்ச ரெண்டு பெரிய கம்பெனிங்க 2009ல அடுத்தடுத்த மாசத்துல கவிழ்ந்துச்சு. நெதர்லாந்துல 1990கள்ல கோஸ்டா ரிகா தேக்கை வெச்சு வித்த திட்டத்துல வளர்ச்சிக் கணக்கு ஊதிப் பெருக்கினதுன்னு பெரிய சர்ச்சையே நடந்துச்சு. நாடு வேற, கதை ஒண்ணு.

கார்பன் கிரெடிட்ல, அதாவது மரம் காத்துலேர்ந்து இழுக்கற கரியமில வாயுவுக்குக் கிடைக்கற காசுல, தனி வருமானம் வரும்னு இப்போ எல்லாப் பேப்பர்லயும் ஒரு வரி சேர்க்கறாங்க. அதை பூஜ்யம்னு வெச்சுக் கணக்குப் போடுங்க, வந்தா சந்தோஷம்.

என்னோட சொந்த அபிப்ராயம், கன்னு நடற கட்டத்துல போகாதீங்க. எட்டுலேர்ந்து பன்னெண்டு வருஷத் தோட்டம் விலைக்கு வருமான்னு தேடுங்க. முதல்ல போட்ட ஆளு களைச்சுப் போய் விக்கற நேரம் அது. விலை கூடத்தான், ஆனா மண்ணு சரியா, விதை நல்லதா, தின்னிங் நடந்துச்சா, எல்லாத்துக்கும் பதில் கண்ணு முன்னாடி நிக்குது, உங்க டேப்பு சொல்லிடும். மிச்சம் பத்துப் பன்னெண்டு வருஷம் காத்திருந்தா போதும். வருஷா வருஷம் ஒரே எடத்துல அளந்து வெச்ச பதிவு இருக்கான்னு கேளுங்க, அந்த நோட்டுப் புத்தகம் இருந்தா அந்தத் தோட்டத்துக்கு ரெண்டு பைசா கூடக் கொடுக்கலாம்.

விக்கற காலம் வரும்போது ரெண்டு விஷயத்துல நிறைய பேர் அடி வாங்கறாங்க. ஒண்ணு, சட்டம். டால்பெர்ஜியாங்கற ரோஸ்வுட் வகை முழுக்க 2017லேர்ந்து சைட்டிஸ் (அழியற ஆபத்துல இருக்கற உயிரினங்களோட வியாபாரத்தைக் கட்டுப்படுத்தற சர்வதேச ஒப்பந்தம்) பட்டியல்ல இருக்கு, லத்தீன் அமெரிக்கப் பெரிய இலை மகோகனி 2003லேர்ந்து, ஆப்பிரிக்க நாடுகள்லேர்ந்து வர்ற ஆப்பிரிக்க மகோகனி 2023லேர்ந்து. பட்டியல்ல இருந்தா விக்கக் கூடாதுன்னு இல்ல, பர்மிட் இல்லாம எல்லை தாண்டாது. அதனால நட்ட தேதி, விதை எங்கேர்ந்து வந்துச்சுங்கற ரசீது எல்லாத்தையும் 20 வருஷம் பத்திரமா வைக்கணும். ஐரோப்பாவுக்கு விக்கறதா இருந்தா 2020 டிசம்பர் 31க்கு அப்புறம் காடழிச்சு வந்த நிலத்து மரத்தை வாங்கக் கூடாதுங்கறது அவங்க புதுச் சட்டம், நிலத்தோட ஜிபிஎஸ் புள்ளி வரைக்கும் கேப்பாங்க. தேக்கு சைட்டிஸ்ல இல்ல, ஆனா உருட்டுக்கட்டை ஏற்றுமதியை எந்த அரசாங்கமும் ஒரே நாள்ல நிறுத்தலாம், மியான்மர் 2014 ஏப்ரல்ல நிறுத்தின மாதிரி. பக்கத்துல அறுவை மில் இருக்கற தோட்டத்துக்கு நான் முன்னுரிமை கொடுக்கறது இதனாலதான்.

ரெண்டாவது, அளவு. தேக்குத் தோட்டக்கட்டையை நிறைய எடத்துல ஹோப்பஸ் அளவுல வாங்கறாங்க. சுற்றளவை நாலால வகுத்து, அதை அதாலயே பெருக்கி, நீளத்தால பெருக்கறது. உருண்டையான கட்டையோட நிஜக் கொள்ளளவுல இது 78.5 சதவீதம்தான் காட்டும். அதுக்கு மேல பட்டைக்குன்னும் காய்ஞ்சு சுருங்கறதுக்குன்னும் சுற்றளவுல சில சென்டிமீட்டர் கழிப்பாங்க. 80 சென்டிமீட்டர் கட்டையில 6 கழிச்சா கொள்ளளவு 14 சதவீதம் காலி. ரெண்டும் சேந்தா நிஜத்துல மூணுல ஒரு பங்கு காணாமப் போயிருக்கும். ஏமாத்துன்னு சொல்ல மாட்டேன், அது அந்த வியாபாரத்தோட வழக்கம், விலையும் அந்த அளவுக்கு ஏத்த மாதிரிதான் பேசுவாங்க. ஆனா உங்ககிட்ட வளர்ச்சிக் கணக்கை நிஜக் கனமீட்டர்லயும் விலையை ஹோப்பஸ் கனமீட்டர்லயும் காட்டி ரெண்டையும் பெருக்கியிருந்தா வருமானம் காகிதத்துலயே வீங்கிடுச்சுன்னு அர்த்தம். எந்த அளவு, எவ்வளவு கழிவு, எந்த எடத்துல டெலிவரி, தோட்டத்து வாசல்லயா துறைமுகத்துலயா, மூணையும் எழுதி வாங்குங்க. ஏத்தற நாள்ல நீங்களோ உங்க ஆளோ டேப்போட நிக்கணும், ஒவ்வொரு கட்டைக்கும் நுனியில நம்பர் அடிச்சு, நோட்டுல ஏத்தி, ரெண்டு பக்கமும் கையெழுத்து.

கடைசியா ஒப்பந்தத்துல யாரும் கவனிக்காத ஒரு வரி. தேக்கை வெட்டினா அடிக்கட்டையிலேர்ந்து திரும்பத் துளிர்க்கும், வேர் ஏற்கனவே ஆழமா இருக்கறதால ஆரம்பத்துல புதுக் கன்னைவிட வேகமா ஏறும், ரெண்டு மூணு துளிர்ல நேரானது ஒண்ணை மட்டும் விட்டு வளர்த்தா நட்டுவைக்கற செலவே இல்லாம அடுத்த தோட்டம். அந்தத் துளிர் யாரோடதுன்னு பேப்பர்ல போட்டிருக்கான்னு பாருங்க, போடலேன்னா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி சேர்க்கச் சொல்லுங்க.